நான் சொன்ன பொய், அவருக்கு ஞாபகம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் பத்திரிகைக்கு எழுதினால் சிரிக்கமாட்டார்களா? சிரிக்கட்டும்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த சமயம். மலாயாவில், ஜொகூரின் சாஆ ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், அதாவது ரப்பர் பால் வடியப் பட்டையைச் சீவும் வேலை. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மனசு சரியில்லை. யாரும் இல்லாதபோதும் காதில் குரல் கேட்கும். எதைச் சொன்னாலும் கண்ணுக்குள் படமாக ஓடும். ஆனால் மரத்தில் ஒரு காயம் படாமல் வெட்டுவார்.

ஒருநாள் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகை எரிந்துபோனது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"என்னண்ணே, மஞ்சக் குடையைப் பிடிச்சுக்கிட்டு நீங்கதானே கொள்ளி வச்சீங்க? நான் பாத்தேனே!"

அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டு. ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கிறோம். அவர் முன்னால் போய், "நாந்தாங்க கொள்ளி வச்சேன். மஞ்சக் குடை பிடிச்சிருந்தேன்" என்றார்.

கொட்டகைக்குக் காவல் போடாமல் விட்ட கங்காணிக்கு உயிர் வந்தது. "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, கிராணியாரே!" என்று, பேர் எழுதிக்கொண்டிருந்த தோட்டத்துக் கணக்கரிடம் கத்தினார்.

அங்கே போன யாரும் எங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பியதில்லை.  வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

"அது நான் விட்ட புளுகுங்க."

"போடா வரிசைக்கு, கழுதை!" என்றார் கங்காணி.

போகவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, நம்ம கங்காணியாரும் கூட வந்து தீக்குச்சி கிழிச்சாரே, ஞாபகம் இருக்கா?"

அவர் கண்ணை மூடினார். "ஆமா தம்பி. கிழிச்சாரு. இடது கையால."

"அப்ப அவரையும் எழுதிக்குங்க, கிராணியாரே!"

பெரட்டே சிரித்தது. கிராணி எதையும் எழுதாமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அண்ணன் பிழைத்தார். என்னை ஆறு மாசம் சாக்கடை வெட்டப் போட்டார்கள். பாடிக்கொண்டே வெட்டினேன், கங்காணி காதில் விழட்டும் என்று.

ஆனால் அந்தப் பெரட்டு நடந்த அன்று சாயங்காலம் அண்ணன் கேட்டார்: "எது நான் பாத்தது, எது நீ சொன்னதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல தம்பி. உனக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் சொன்னே?"

 

இன்றும் அதே தோட்டத்தில் கங்காணியைச் சீண்டத்தான் செய்கிறேன். யார் மிரட்டினாலும் நிறுத்தமாட்டேன். அண்ணன் வந்து "இது நடந்ததா?" என்று கேட்டால் மட்டும் நடந்ததைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஒருவர் ஞாபகத்துக்குள் கையை விடுவது பூட்டாத வீட்டில் திருடுவது போல.

இதை நண்பனிடம் படித்துக் காட்டினேன்.

"இந்தத் தோட்டத்துல உன் பேச்சை நம்புறது அவர் ஒருத்தர்தான்டா, அதையும் கெடுத்துக்காதே" என்றான்.