கழிப்பறைக் கதவுக்கு வெளியே

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் வேலை செய்கிறேன். குடலில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்த பிறகு, வயிற்றில் ஒட்டிய பைக்குள்தான் மலம் இறங்குகிறது. போதாக்குறைக்கு, சிறுநீரையும் முன்போல் அடக்க முடிவதில்லை.

மறுபடி வேலைக்குப் போன நாளிலிருந்து, கூட வேலை செய்யும் ஸ்டெல்லா மேல் எனக்குச் சந்தேகம். கடை திறக்கும்போதும் விளக்கு வைக்கும்போதும் மட்டும் போடும் சாம்பிராணியை, மதியத்திலும் போட ஆரம்பித்தாள். அதுவும் நான் உட்கார்ந்து சேலை விரிக்கும் மெத்தைப் பக்கமாகப் பார்த்து. நான் கழிப்பறைக்கு எழுந்தால் பின்னாலேயே வந்து வெளியே நிற்பாள். எத்தனை தடவை போகிறேன் என்று முதலாளியிடம் வத்தி வைக்கத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு நாள் பையைக் காலி செய்துவிட்டு வந்ததும், அவளிடம் நேராகவே கேட்டேன்.

“என்னாடி, எனக்குக் காவலா?”

“ஆமாக்கா. கதவுல தாப்பா ஒடைஞ்சி கெடக்குது. உனக்கு ரெண்டு கையும் பையில இருக்கும். நீ உள்ள இருக்கசொல்ல எவனாவது தொறந்துட்டா? அதான் நின்னுக்கினு இருக்கேன்.”

நான் நம்பவில்லை. “அப்ப சாம்பிராணி?”

தயங்கினாள். “அது வாடைக்குத்தாங்க்கா. பொய் சொல்லமாட்டேன். சில நேரம் எனக்கே தாங்கல.”

சுருக்கென்று குத்தியது. ஆனால் அதை மறைக்காமல் சொன்னதால்தான், முதலில் சொன்னதையும் நம்பினேன். தாப்பா உடைந்தது எனக்கும் தெரியும். இத்தனை நாளில் அந்தக் கதவை ஒருவர்கூடத் தள்ளவில்லையே, ஏன் என்று மட்டும் நான் யோசிக்கவே இல்லை.