மூச்சை அடக்கியவர்

முதலில் மானத்தை வாங்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜையன்று, கம்பெனி டெமோவுக்காக இரவல் தந்திருந்த அணுவிசை நுண்ணோக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவன் நான்தான். பேய், பிசாசு, சாமி எதையும் நம்பாதவன் என்று ஹாஸ்டல் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்த அதே நான். லேத்துக்கு வைக்கிறோம், டைப்ரைட்டருக்கு வைக்கிறோம், இது மட்டும் மூளியாக நிற்கிறதே என்று தோன்றிவிட்டது. குங்குமம் உள்ளே உதிர்ந்தது. இந்தக் கருவிக்குக் கண் கிடையாது. கண்ணுக்கே தெரியாத ஓர் ஊசிமுனையால் பொருளை வரிவரியாகத் தடவித்தான் படம் வரையும். அதற்கு ஒரு குங்குமத் துகள் என்பது பரங்கிமலை. மோதி மோதி ஊசிகள் உடைந்து, ஒன்றே ஒன்று மிஞ்சியது.

தொண்ணூறுகளின் நடுவில், பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரி. என் முனைவர் பட்டத்துக்கு டி.என்.ஏ. இழையின் படம் ஒன்று வேண்டும், ஒன்று போதும். இரவலின் கடைசி நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் கம்பெனி இன்ஜினியர் சேகர் கருவியைப் பெட்டி கட்டிக்கொண்டு போய்விடுவார். படம் இல்லையென்றால் பட்டம் இல்லை, பட்டம் இல்லையென்றால் வேலை இல்லை, செம்பாக்கத்தில் என் அப்பா என் வயதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தப்போவதும் இல்லை.

கருவி உள்ளறையில், ரப்பர் கயிற்றில் தொங்கும் கருங்கல் பலகைமேல் இருந்தது. நாங்கள் வெளியறையில், கம்ப்யூட்டர் முன்னால். அப்படியும் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி போனால் படத்தில் பல் பல்லாக விழும், மின்சார ரயில் போனால் பட்டை பட்டையாக விழும். கருவிக்கு எதிரே நின்று யாராவது மூச்சு விட்டால் மெதுவாக ஏறி இறங்கும் அலை. எல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்கேனை ஆரம்பித்தால், அலை. ஏறி, இறங்கி, சற்று நின்று, மறுபடி ஏறி.

"சார், மூச்ச அந்தப் பக்கம் வுடுங்க சார்," என்றார் சேகர். கீழ்க்கட்டளைக்காரர்.

"நான் இங்கதானய்யா உக்காந்திருக்கேன்! உள்ள கதவு சாத்தியிருக்கு."

போய்ப் பார்த்தோம். ஃபேன் ஓடவில்லை, ஏ.சி. இல்லை, ஜன்னல் மூடியிருந்தது, ஒரு கொசு கூட இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தால் மறுபடியும் அலை.

"உள்ள யாரோ கீறாங்க சார்." சேகர் சிரிக்கவில்லை. "எனுக்கு ஒரே பேஜாரா கீது. பேக் பண்ணிடலாமா?"

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மிச்சமிருப்பது ஒரே ஊசி, ஒரே மதியம், இதில் இது வேறு. கதவைத் திறந்து காலி அறையைப் பார்த்துக் கத்தினேன்.

"யாரா இருந்தாலும் சரிங்க, இது என் பொழப்புங்க! படம் முடியிற வரைக்கும் கொஞ்சம் மூச்ச அடக்கிக்கங்க!"

பேய்க்கும் மரியாதை கொடுத்துத்தான் கத்தியிருக்கிறேன். வளர்ப்பு அப்படி.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அலை நின்றுவிட்டது. மேலிருந்து கீழாக வரிவரியாக, அவிழ்த்துப் போட்ட நூல்போல இழை தெரிந்தது. காபி போட்டு, ஆற்றி, குடித்து முடிக்கிற அளவு நேரம். அவ்வளவு நேரம் எந்த மனிதனாலும் மூச்சடக்க முடியாது. கடைசி வரி வரை ஒரு நடுக்கம் இல்லை.

ஒரு படம் முடிந்ததும் கருவி தானாகவே அடுத்ததை ஆரம்பிக்கும். அதன் முதல் வரிகளில் வந்தது பாருங்கள் ஓர் அலை, திரை கொள்ளாத அலை, எழும்பி, மெல்ல மெல்ல, நீளமாக இறங்கியது. சேகர் ஸ்விட்சை அணைத்தார்.

லாரி, ரயில், காற்று என்று எல்லாக் காரணத்தையும் போட்டுப் பார்த்துவிட்டேன். அவற்றில் எதுவும் சொன்ன பேச்சைக் கேட்கிற ரகமில்லை. இன்றும் எக்ஸ்ரே எடுக்கும்போது "மூச்ச இழுத்துப் புடிங்க" என்றால், நான் முதலில் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

மறுநாள் என் கைடிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குய்யா. அவர் பேர் தெரிஞ்சா நம்ம ரிசர்ச் பேப்பர்ல போட்டுடு," என்றார். "என் பேருக்கு அப்புறமா."