டபுள் எக்ஸெல் பட்டம்

தீனதயாளனைப் பட்டம் ஒன்று தூக்கிக்கொண்டுபோய் இலங்கையில் இறக்கிவிட்டதாகப் பல்லடம் பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். அந்தப் பேச்சு ஊத்துக்குளி சுற்றி அவர் மனைவி சண்முகப்பிரியாவின் காதுக்கு வந்தபோது, இலங்கைப் போலீசும் கதையில் சேர்ந்திருந்தது.

உண்மையில் அவர் இறங்கியது தூத்துக்குடிப் பக்கம் ஓர் உடைமரத்தில்.

கட்டிங் டேபிளில் கத்திரியோடு நின்று தொடங்கி, இன்று திருப்பூரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி நடத்துபவர் தீனதயாளன். கடல் என்றால் அவருக்குத் திருச்செந்தூர். முருகனைக் கும்பிட்டுவிட்டு முழங்கால்வரை நனைப்பதோடு சரி. ஆனால் அவரிடம் சரக்கு வாங்கும் ஒரே பையர், டென்மார்க்காரர், பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் சறுக்கும் ஆட்களுக்குச் சட்டை விற்பவர். "நீங்களும் சறுக்குவீர்களா?" என்று அவர் ஒருநாள் கேட்டுவிட்டார். பையரிடம் இல்லையென்று சொல்லும் வழக்கம் திருப்பூரில் கிடையாது. கேட்பது எந்தச் சாயமோ எந்தத் தேதியோ, முதலில் ஆமாம். எப்படி என்பது பிறகு.

"ரெகுலரா சார்" என்றார் தீனதயாளன்.

"நல்லது. ஜூலையில் உங்கள் கடலுக்கு வருகிறேன், சேர்ந்து சறுக்குவோம். அடுத்த ஆர்டரையும் அங்கேயே பேசிவிடலாம்."

அந்த ஆர்டர் வராவிட்டால் கம்பெனியில் மெஷின் ஓடாது. ஆகவே வீட்டில் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு, ஆன்லைனில் வாங்கிய பட்டத்தோடு கடற்கரைக்குப் போனார். கற்றுக்கொடுக்க வந்த ரோஸ்மேரி பையைத் திறந்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"என்ன அண்ணாச்சி, பன்னெண்டு மீட்டரா? அது காத்து கொறைஞ்ச நாளைக்கு. இன்னைக்கு அடிக்கிற காத்துக்கு ஏழு போதும். காத்து கூடக்கூடப் பட்டம் சின்னதாகணும்."

"ஏனுங்க அம்மிணி, என்னையப் பாத்தா ஏழு மாதிரியா தெரியுது? நான் டபுள் எக்ஸெல்லுங்க. அப்புறம் உப்புத்தண்ணி பட்டா சுருங்குமல்லோ? அதுக்கும் சேத்துத்தான் ஒரு சைஸ் கூட எடுத்தேன்."

"பட்டம் சுருங்காது அண்ணாச்சி. நீங்கதான் சுருங்கிருவிய."

ஏழு மீட்டர் பட்டத்துக்குக் காற்றடிக்க அவள் கொட்டகைக்குப் போனாள். சிறிய சைஸை எவனோ வாங்காமல் விட்டிருக்கிறான், நம் தலையில் கட்டுகிறாள் என்று இவருக்குப் பட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு, பன்னிரண்டைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

பட்டம் எழுந்தது. கூடவே இவரும் எழுந்தார்.

"செவப்புக் கொக்கிய இழுத்து விடுங்க அண்ணாச்சி, பட்டம் கழண்டுரும்!" என்று ரோஸ்மேரி கத்திக்கொண்டே ஓடினாள். ஆனால் கைக்கு வந்ததை விட்டுப் பழகிய ஆளில்லை அவர். மணல், நண்டுவளை, காயவைத்த கருவாடு எல்லாவற்றையும் தாண்டி உடைமரம்வரை போனார்.

இப்போது வலதுகையில் மாவுக்கட்டு. மேஜைமேல் போனில் பையரின் செய்தி: பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன், அங்கே காற்று எப்படி, எந்த சைஸ் எடுத்துவரட்டும்?

வாழ்நாளில் முதன்முறையாகப் பையர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதைச் சொன்னால், நீங்கள் எதில் சறுக்குகிறீர்கள் என்று அடுத்து கேட்பாரே!

போன் அடித்தது.

"உங்க பையருங்க" என்றாள் சண்முகப்பிரியா. "எடுத்து, எனக்குச் சறுக்கத் தெரியாதுன்னு சொல்லிப்போடுங்களே."

"பையர்கிட்டப் போயி தெரியாதுங்கிறதா? பழக்கமில்லியே பிரியா."

அவர் இடதுகையை நீட்டினார், மடக்கிக்கொண்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.