முடிக்காத விரதங்கள்

ஜெர்மனியில், இந்த ஸ்டுட்கார்ட்டில் "சாப்டியா" என்று ஒருவரும் கேட்பதில்லை. அலுவலகக் கான்டீனில் வெறும் காபியோடு உட்கார்ந்தாலும் எதிரே இருப்பவர் வானிலையைப் பற்றித்தான் பேசுவார். வந்த புதிதில் அப்பாடா என்றிருந்தது. திண்டுக்கல்லில் தெருமுனை தாண்டுவதற்குள் நாலு பேர் கேட்பார்கள். அங்கே தப்பிக்க என்னிடம் ஒரே பதில்தான்: விரதம். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை. முருகன் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யார் மறுத்துப் பேசுவார்கள்? அம்மா பெருமையாக ஊருக்கே சொன்னார்.

இங்கே ஒருநாள் மயங்கி விழுந்த பிறகு மார்த்தா என்ற ஆலோசகரிடம் அனுப்பினார்கள். ஒன்று இன்னொன்றை இழுத்து வருகிறது என்றார் அவர். பகலெல்லாம் பட்டினி, அதனாலேயே சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அடங்காத தீனி, தின்றதும் வெட்கம், அந்த வெட்கத்தில் பிறரோடு உட்கார்ந்து சாப்பிடப் பயம், தனியாக இருந்தால் கண்ணாடியும் எடை மெஷினுமே கதி, அது மறுபடி பட்டினியில் கொண்டுபோய் விடும். பட்டினியைத் தளர்த்தினால் மற்றவையும் மெல்லத் தளரும் என்றார். அது விரதம் என்றேன். மத விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார். எனக்கு உள்ளூர நிம்மதி.

போன விடுமுறைக்குத் திண்டுக்கல் போய்த் தங்கை கலையின் வீட்டில் தங்கினேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். தோளில் போனை இடுக்கிக்கொண்டு, யாரையோ திட்டிக்கொண்டே, மறுசோறு போட்டுக்கொள்வாள். என்ன தின்றோம் என்று அப்புறம் நினைப்பதே கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இவளுக்கு மட்டும் எப்படி? அவள் என்னைவிட மெலிந்திருந்தால்கூட இவ்வளவு பொறாமை வந்திருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கேற்றிக் கும்பிட்டு முடித்ததும் எனக்கு இலை போட்டாள். நாளைக்குச் சாப்பிடுகிறேன் என்றேன். கலை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"விரதம்னா சாயங்காலம் சாப்புட்டு முடிக்கணும்க்கா. நீ வந்ததுலருந்து ஒண்ணைக்கூட முடிக்கல. முருகன் மேல ஏன் பழியப் போடுற? ஒடம்புக்கு முடியலன்னு சொல்லு, கூட ஒக்காந்துக்கிறேன்."

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாலு வாய் சாப்பிட்டேன். அவள் எழுந்திருக்கவே இல்லை. ஸ்டுட்கார்ட் திரும்பியதும் மார்த்தாவிடம் அதை விரதம் என்று சொல்வதை நிறுத்தினேன்.

இப்போது என் மதியச் சாப்பாட்டு நேரம் கலைக்கு டீ நேரம். வீடியோவில் அவள் பணியாரம் தின்பாள். நான் கான்டீனில் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருப்பேன். பொறாமை போகவில்லை. தன் தட்டு காலியானதுகூட அவளுக்குத் தெரியாது. என் தட்டில் ஒவ்வொரு துண்டும் எனக்குத் தெரியும். போன வாரம் சிக்னல் போய், வாய் நிறையப் பணியாரத்தோடு அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி, அவள் வாய் மறுபடி அசையத் தொடங்கட்டும் என்று நான் காத்திருந்தேன்.