கம்பு டப்பாவும் கரிச்சட்டியும்

புறா வளர்க்கும் வேலையில் புறாவால் ஒரு தொல்லையும் கிடையாது; அதற்குத் தீனி போட ஆசைப்படும் மனிதர்களால்தான் எல்லாத் தொல்லையும்.

கிளியையோ கோழியையோ பூனையையோ வைத்துக்கொண்டு, "போதும், இனிப் போடாதீங்க" என்று வீட்டாரிடம் கெஞ்சித் தொண்டை வறண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. நான் மதுரையில், கீழமாசி வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு பருத்தி வியாபாரி வீட்டில் புறாக்காரனாகச் சம்பளத்துக்கு இருந்தவன். யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே சேர்ந்தேன். மொட்டைமாடியில் மரக்கூண்டுகள், கூண்டு நிறையப் பந்தயப் புறாக்கள். பறக்கவிட்டால் அரை நாள் கீழே இறங்காத இனம் என்று சொல்லி முதலாளி வாங்கியவை. நான் சேர்ந்தபோது அவை முற்றத்தில் சிந்தியதைப் பொறுக்கிவிட்டு, படியேறி நடந்தே மாடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

ஒரு பிடி

சேர்ந்த அன்றே முதலாளியிடம் என் தொழில் தர்மத்தை எடுத்துச் சொன்னேன். ஒரு ஜோடிக்குக் காலையில் ஒரு பிடி, பொழுது சாயும்போது ஒரு பிடி. கம்பும் சோளமும் பாதிக்கு மேல், மிச்சத்துக்குப் பாசிப்பயறு. குஞ்சு இருந்தால் இன்னும் கொஞ்சம். செங்கல் தூளும் சுண்ணாம்பும் ஒரு ஓட்டில் எப்போதும் இருக்க வேண்டும். அடையும் நேரத்தில் கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தடவிப் பார்த்தால் மெத்தென்று இருக்க வேண்டும். எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு நின்றால் மறுநாள் அது பறக்காது. மிக முக்கியம், கம்பு போட்டு வைக்கும் தகர டப்பா. தீனி போடும் வேளையில் மட்டும்தான் டப்பாவைக் குலுக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் எவ்வளவு உயரத்திலிருந்தாலும் புறா இறங்கி வரும். ஊரில் புறா வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த டப்பாதான் கடிவாளம். கண்ட நேரத்தில் குலுக்கினால் புறா அதை மதிக்காது.

முதலாளி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். நல்ல மனிதர். பருத்தி விலையில் காலணாவுக்கு விடாமல் பேசுகிறவர், புறாவைக் கண்டால் உருகிப்போவார். அவர் செல்லம் கரிச்சட்டி என்ற பெட்டை. உடம்பு வெள்ளை, தலை மட்டும் அடுப்பில் வைத்து எடுத்தது போலக் கறுப்பு. கூட்டத்துக்கே அதுதான் தலைவி. நான் பேசி முடித்ததும் முதலாளி டப்பாவை எடுத்துக் குலுக்கி, கரிச்சட்டிக்கு ஒரு பிடி கம்பை இறைத்தார். "முதலாளி, இப்பத்தானே சொன்னேன்!" என்று பதறினேன்.

"நீ சொன்னதெல்லாம் சரிதான் மாரி. ஆனா நீ பேசிக்கிட்டு இருந்தப்போ அது என்னையவே பார்த்துக்கிட்டு இருந்துச்சே!"

கேட்டுவிட்டுப் போட்டவர்

நான் காலையில் ஒரு பிடி போடுவேன். சற்று நேரத்தில் முதலாளியம்மா பூசை முடித்துவிட்டு, வாயில்லா ஜீவனுக்குப் போட்டால் புண்ணியம் என்று பச்சரிசியை அள்ளி வருவார்கள். முதலாளி கடைக்குக் கிளம்பும்போது ஒரு குலுக்கு, மதியம் சாப்பிட வரும்போது ஒரு குலுக்கு. நடுவில் சமையல்காரர் சங்கரலிங்கம் அண்ணன் வேறு. அடிப்பிடித்த சோற்றைத் தூக்கிப் போட மனம் வராமல் மாடிக்கு எடுத்து வந்துவிடுவார். சாயங்காலம் நான் இரைப்பையைத் தடவினால் எலுமிச்சம்பழம் இருக்காது, கொய்யாப்பழம் இருக்கும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சங்கரலிங்கம் அண்ணனைப் படியிலேயே மறித்துக்கொண்டேன். "அண்ணே, புறாவுக்குச் சோறு ஆகாது. வயிறு புளிச்சுப் போகும். அதுவும் நான் போட்டு முடிச்ச பிறகு எதுக்கு மறுபடியும்?" என்று கேட்டேன். கையில் சோற்றுச் சட்டியோடு, கொஞ்சமும் சங்கடப்படாமல் அவர் சொன்னார்:

"கோவிக்காத மாப்ள, போடுறதுக்கு முன்னாடி அதுககிட்ட 'சாப்புட்டாச்சா'ன்னு கேட்டேன். ஒண்ணு கூட ஆமான்னு சொல்லலை."

வாத்தியார் ஜோடி

கூண்டில் இடம் போதாமல் போனால் வளர்ந்த குஞ்சுகளை விற்பதும் என் பொறுப்புதான். இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஒரு ஜோடி வாங்கினார். எவ்வளவு போட வேண்டும், எப்போது போட வேண்டும் என்று கவனமாகக் கேட்டுக்கொண்டார். என் பேச்சை அப்படியே கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி, அதற்கு மேல் ஒரு மணி தானியம் கூடக் கிடையாது.

புது வீடு பழகும் வரை பறக்காமல் இருக்க இறகைக் கட்டி வைப்பது வழக்கம்; அந்தக் கட்டை அவிழ்த்துவிட்ட அன்றே ஜோடி எங்கள் மாடியில் வந்து உட்கார்ந்தது. வாத்தியார் வந்து பிடித்துப் போனார். மறுநாளும் வந்தது. அவர் வீட்டில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, எங்கள் வீட்டில் பச்சரிசி, சோறு, முதலாளியின் கம்பு எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டு, பொழுது சாயும்போது அவருக்காகக் காத்திருக்கும். பாவம், அவர் பள்ளிக்கூடம் விட்டதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக எங்கள் மாடிக்கு வந்துவிடுவார். எனக்கு வெட்கமாக இருந்தது. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கையை ஆட்டி மறுத்தார்.

"வேண்டாம்ப்பா, என் வகுப்புல இருந்து ஓடுற பயல்களைத் தேடி ஊரெல்லாம் அலையணும். இதுக ரெண்டும் ஒரே இடத்துல இருக்குதுகளே, அதுவே பெரிய உபகாரம்."

வைத்தியர் போட்ட பத்தியம்

அடுத்த தெருவில் ஒரு நாட்டு வைத்தியர் இருந்தார். எந்த நோய்க்கும் முதலில் சாப்பாட்டை நிறுத்துவார், மருந்து பிறகுதான். அவரும் புறாப் பைத்தியம். அவருடைய புறாக்களுக்கும் அதே வைத்தியம்தான்: ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் அரைப் பிடி. ஒவ்வொன்றும் குச்சி மாதிரி இருக்கும். ஆனால் டப்பா குலுங்கினால் அம்பு மாதிரி இறங்கும். எங்கள் மாடிக்கு ஒருமுறை வந்தவர், கரிச்சட்டி கைப்பிடிச் சுவரில் ஏறுவதற்கு இரண்டு தடவை முயன்றதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே பந்தயம் பேசிவிட்டார்கள். தை மாதக் கடைசியில் இரண்டு கூட்டத்தையும் விடியற்காலையில் ஒன்றாகப் பறக்கவிட வேண்டும். எந்தக் கூட்டம் முதலில் இறங்குகிறதோ, எந்த வீட்டு மாடியில் இறங்கினாலும், அதற்குத் தோல்வி. தோற்றவர் தம்முடைய தலைப்புறாவை ஜெயித்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அதாவது, தோற்றால் கரிச்சட்டி வைத்தியர் வீட்டுக்கு அரைப் பிடிக்குப் போய்விடும். அன்று ராத்திரி முதலாளி சரியாகச் சாப்பிடவில்லை என்று சங்கரலிங்கம் அண்ணன் சொன்னார். மறுநாள் காலை முதலாளி மாடிக்கு வந்து, கரிச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"இது இந்த வீட்டை விட்டுப் போச்சுன்னா, அப்புறம் எனக்குப் புறாவும் வேண்டாம், புறாக்காரனும் வேண்டாம் மாரி."

சத்தம் மட்டும்

என் கெஞ்சலுக்கு இரங்காத வீட்டை யுத்தம் திருத்தியது. தானியத் தட்டுப்பாடு வந்தது. கம்பும் சோளமும் கடையில் கண்ணில் படுவதே அபூர்வம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பருத்தி கொண்டு வருகிறவர்கள் தயவில் வண்டியோடு கொஞ்சம் கம்பு வந்தால் உண்டு. மனிதர்களே அளந்து சாப்பிடுகிற காலத்தில் புறாவுக்கு வாரி இறைப்பது பாவம் என்று முதலாளியம்மா தானிய அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். காலையில் ஜோடிக்கு ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி என்று அவர்களே அளந்து கொடுத்தார்கள். இத்தனை வருஷமாக நான் தொண்டை கிழியச் சொன்ன அதே அளவு! கார்த்திகை முடிவதற்குள் புறாக்களின் கொழுப்பு கரைந்தது. மார்கழியில் கரிச்சட்டி வெயில் ஏறும் வரை கீழே இறங்காமல் சுற்றியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

முதலாளிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. போடத் தீனி இல்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை. மதியம் சாப்பிட வரும்போது, டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் நாலு கம்பு மணியை வைத்துக்கொண்டு, "வா கண்ணு, வா" என்று குலுக்குவார். புறாக்கள் பாய்ந்து வரும், டப்பாவை எட்டிப் பார்க்கும், முதலாளி முகத்தைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். தை பிறந்தபோது அவை பாய்ந்து வருவதையே நிறுத்திவிட்டன. டப்பாவுக்கு இருந்த மதிப்பு கெட்டுப்போகிறதே என்று நான் முதலாளியம்மாவிடம் முறையிட்டேன். அவர்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார்கள்:

"எனக்குப் பட்டுச்சேலை எடுத்துத் தாரேன்னு வருஷாவருஷம் குலுக்குறாக. நானே திரும்பிப் பார்க்குறதை விட்டுட்டேன், புறாவுக்கு மட்டும் புத்தி இருக்காதா?"

பந்தய நாள்

விடியற்காலையில் இரண்டு கூட்டமும் கிளம்பின. எங்கள் மாடி உயரம் என்பதால் வைத்தியரும் எங்களோடு வந்து உட்கார்ந்துகொண்டார். வெயில் ஏறியது, உச்சிக்கு வந்தது, கோபுரங்களுக்குப் பின்னால் சாயத் தொடங்கியது. இரண்டு கூட்டமும் இறங்கவில்லை. வைத்தியர் வெற்றிலையை மென்றுகொண்டு அசையாமல் இருந்தார். முதலாளிதான் தவித்துப்போனார். எழுந்து நிற்பார், உட்காருவார், கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பார். ஒரு சுற்றில் கரிச்சட்டி கொஞ்சம் தாழ்ந்து எங்கள் தலைக்கு மேல் போனது. அலகு திறந்திருந்தது.

"வாயைத் திறந்துக்கிட்டுப் பறக்குதுய்யா" என்றார் முதலாளி. மடியிலிருந்து ஒரு துணி முடிப்பை எடுத்தார். எத்தனை நாளாகச் சேர்த்தாரோ, அத்தனையும் நல்ல கம்பு. அதை டப்பாவில் கொட்டினார். "முதலாளி, குலுக்காதீங்க! இறங்கிருச்சுன்னா போச்சு!" என்று குறுக்கே போய் நின்றேன். "போனாப் போகட்டும் மாரி. வைத்தியர் வீட்லயாவது உசிரோட இருக்கும்ல?" என்று என்னைத் தள்ளிவிட்டு, பலங்கொண்ட மட்டும் குலுக்கினார். வைத்தியர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, கரிச்சட்டியை வாங்கிக்கொள்ளத் துண்டை விரித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சடசடவென்று இறக்கைச் சத்தம். கண்ணைத் திறந்தால், மாடி நிறையக் குச்சி குச்சியாகப் புறாக்கள். அத்தனையும் வைத்தியருடையவை! ஒன்று அவர் விரித்த துண்டிலேயே நின்று கொத்திக்கொண்டிருந்தது. எங்கள் கூட்டம் மேலே, சத்தமே காதில் விழாதது போல இன்னொரு சுற்றுப் போனது. தாகம் எடுத்தபோது கரிச்சட்டி சாவகாசமாக இறங்கி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, டப்பாவைச் சந்தேகத்தோடு பார்த்தது. மற்றவை உண்மையிலேயே தின்கின்றன என்று தெரிந்த பிறகுதான் கிட்டே வந்தது.

வைத்தியர் சொன்ன சொல் தவறாதவர். தம் தலைப்புறாவைப் பிடித்து முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி அதன் இரைப்பையைத் தடவிப் பார்த்தார், உள்ளே ஒன்றுமில்லை. அதைக் கம்பின் நடுவில் விட்டு, வயிறு நிறையும் வரை காத்திருந்து, "எனக்கு என் கரிச்சட்டி போதும். இதைக் கொண்டு போங்க, ராத்திரிக்கும் ஒரு பிடி போடுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். வைத்தியர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். படியிறங்கப் போனவர் நின்று, டப்பாவைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். உங்களை நம்புனது என் புறா. அதான் நான் தோத்தேன். உங்களை நம்பாதது உங்க புறா. அதான் நீங்க ஜெயிச்சீக."

அன்றிலிருந்து புறாவுக்கு எம்புட்டு, எப்போது என்று யார் கேட்டாலும், காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி, மனசு கேட்காத நேரத்திலெல்லாம் வெறும் டப்பா என்று சொல்லிவிடுகிறேன்.