இருபத்து நான்கு மதிப்பெண்

மின்பணியாளர் உரிம வாரியத்தில் அவளை எல்லோரும் 'சீல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளுக்கு வயரிங் செய்ய யாருக்கு உரிமம் கொடுத்தாலும் கடைசியில் அதில் முத்திரை குத்துவது அவள்தான். பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே ஜன்னல். வேலை வாங்கிக் கொடுத்தவர் அத்தான். அவளுடைய சொந்த அக்காவின் கணவர், பெரிய எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர், வாரியத்துக்கும் அவரே தலைவர். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட அவள் குடியிருந்ததும் அவர் வீட்டு மாடியில்தான்.

வாரியத்தின் ஏழு உறுப்பினர்களும் கான்ட்ராக்டர்கள். தேர்வு வைப்பது அவர்கள், மார்க் போடுவதும் அவர்கள். ஐம்பதுக்கு இருபத்தைந்து எடுத்தால் பாஸ். பென்சிலில் எழுதிய மார்க் தாள் அவள் மேசைக்கு வரும். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விண்ணப்பத்தில் இருக்கும் முகவரியைப் பார்ப்பார்.

"இவன் நம்ம கடைக்கு எதிர்த்தெரு. நமக்கே போட்டியா வருவான். இருபத்திநாலுன்னு அடி."

அவளும் அடிப்பாள். முதல் தடவை கை கூசியது. அப்புறம் கூசவில்லை.

கடைசியாக நடந்த தேர்வில் ஆள் பற்றாமல் அவளையும் கூடத்துக்கு அனுப்பினார்கள். மெயின் சுவிட்ச், மூன்று விளக்கு, ஒரு பிளக் பாயின்ட். இதைப் பலகையில் ஒரு மணி நேரத்துக்குள் இணைக்க வேண்டும். ஒரு கான்ட்ராக்டரிடம் உதவியாளாக இருந்த பெண் ஒருத்தி இருபத்தைந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து நின்றாள். ஆறாவது தடவையாக எழுதுகிறவள். தேர்வாளர் ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. மூன்று விளக்கும் எரிந்தன. நாற்பத்தாறு என்று பென்சிலில் எழுதினார். அந்தப் பெண்ணின் வீடு அத்தான் கடைக்குப் பின்தெரு. மாலையில் சீல் அக்கா இருபத்து நான்கு என்று டைப் அடித்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புகார்கள் குவிந்து, உரிம வாரியங்களைச் சீரமைக்க அரசாங்கம் மூன்று பேர் குழு ஒன்றைப் போட்டது. தலைமை, ஓய்வு பெற்ற ஒரு பெண் நீதிபதி. விசாரணைக்கு முதல் நாள் மாலை அத்தான் மாடிக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"நாளைக்கு உன்னையும் கூப்பிடுவாங்க. குடுத்ததை டைப் அடிச்சேன், சீல் வச்சேன்னு சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறக்காதே."

"சரி அத்தான்."

"பொய்யா சொல்லச் சொல்றேன்? உள்ளதைத்தானே?" கதவு வரை போனவர் திரும்பினார். "கரண்ட் வேலைம்மா இது. கண்டவனும் தொட்டா வீடு பத்திக்கும். வடிகட்டத்தான் வேணும்."

அவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்தாறு வாங்கியவளையும் சேர்த்துத்தான் அவர் வடிகட்டியிருந்தார்.

மறுநாள் கூடம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் அத்தான். சுவரோரம், ஆறு தடவை தோற்ற அந்தப் பெண். சீல் அக்கா புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வேலை என்னம்மா?"

"குடுத்ததை டைப் அடிப்பேன். சீல் வைப்பேன்."

அத்தான் லேசாகத் தலையசைத்தார்.

நீதிபதி ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "மூணு வருஷத்துல முப்பத்தொன்பது பேருக்குச் சொல்லி வச்ச மாதிரி இருபத்திநாலு. தலைவரைக் கேட்டா தற்செயல்ங்கறார். நான் உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க டைப் அடிக்கறப்போ பென்சில் தாள்லயும் அதே நம்பர்தான் இருந்துச்சா?"

இந்தக் கேள்விக்கு யாரும் அவளைத் தயார் செய்திருக்கவில்லை. ஆமாம் என்றால் முடிந்தது. மாடி வீடும் தங்கும், அக்காவும் தங்குவாள். அத்தானைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இல்லைங்க" என்றாள். "வேற நம்பர் இருந்துச்சு. அதோ அந்தப் பொண்ணு நாப்பத்தாறு. மாத்தச் சொன்னாங்க, மாத்தி அடிச்சேன். எல்லாத்தையும் நான்தான் அடிச்சேன். என்னையும் சேர்த்து எழுதிக்குங்க."

வீடு திரும்பியபோது கீழே கதவு சாத்தியிருந்தது. மாடியில் குழாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மேல்தொட்டிக்குப் போகும் மோட்டாரை அக்கா நிறுத்தியிருந்தாள். படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா, தண்ணி..."

"யாரு உனக்கு அக்கா? கட்டின மனுஷனைச் சபையில நிக்க வச்சுட்டு வந்து தண்ணி கேக்கறியாடி?" கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா அழுதுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இவளும்.

நான்கு நாட்கள் பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாகத் தூக்கினாள். ஐந்தாம் நாள் ஒற்றை அறை ஒன்றைப் பார்த்துப் போய்விட்டாள்.

வாரியம் கலைந்தது. அத்தான் பதவி போனது, கடை போகவில்லை. மார்க் திருத்தியதற்காக அவளுக்கு மூன்று மாதம் தற்காலிகப் பணிநீக்கம். நடுவில் புதுச் சட்டம் வந்தது. ஊர் ஊராக இருந்த பதினோரு வாரியங்களுக்குப் பதில் ஒன்று, தேர்வாளர்கள் வெளியூர்க்காரர்கள், விடைத்தாளிலும் பலகையிலும் பெயரோ முகவரியோ இருக்காது, எண் மட்டும். இருபத்து நான்கு வாங்கிய முப்பத்தொன்பது பேருக்கும் மறுதேர்வு. அதில் முப்பத்து மூன்று பேர் தேறினார்கள். ஆறு பேர் நிஜமாகவே தோற்றார்கள்.

அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் மார்க் பக்கமே விடவில்லை. உரிமம் வழங்கும் கவுன்ட்டரில் போட்டார்கள். ஒரு காலையில் வரிசையில் அந்தப் பெண் வந்து நின்றாள். நன்றி சொல்வாளோ என்று சீல் அக்காவுக்கு ஒரு நப்பாசை இருந்தது.

"ஆறு தடவையும் நீங்கதானே அடிச்சீங்க?"

"ஆமாம்மா. நான்தான்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பின்னால் யாரோ செருமினார்கள்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

சீல் அக்கா இடத்தைக் காட்டினாள். அந்தப் பெண் போட்டாள், அட்டையை வாங்கினாள், பெயர் சரியாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். பிறகு படியிறங்கிப் போனாள்.