போகாதவர் எப்படித் திரும்புவார்?

இன்பாஸ் நானா கடவுளோடு சண்டை பிடிக்கிற மனிதர். மன்னார் தீவில் தோட்டவெளிக்கு அப்பால் இருக்கிற எங்கள் சிறிய முஸ்லிம் கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரியும். அண்ணனை நானா என்றும் அக்காவை ராத்தா என்றும் கூப்பிடுவது எங்கள் வழக்கம். விடிய சுபஹு தொழுதுவிட்டு, மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு தாழ்வுபாட்டுக் கரைக்கு, ஊரில் விற்க மீன் எடுக்கப் போவார். மீன் படாத நாளில், "றப்பே, எனக்கெண்டு வரேக்க மட்டும் உன்ர கை இறுகிப்போகுது, என்ன?" என்று சத்தமாகவே கேட்பார். வடக்கு முஸ்லிம்களைத் துரத்திய காலத்தில் போய், புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்தவர். அங்கேதான் இந்தப் பேச்சுப் பழகியதாம். "கேக்கிறதுக்கு வேற ஆர் இருந்தது?" என்பார்.

போன மாரியில் அவருடைய மகள் றினோஸா காய்ச்சலில் இறந்தாள். எட்டு வயது. கப்றில் வைத்தபின் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போடுவது வழக்கம். இன்பாஸ் நானா முதல் பிடியை அள்ளியவர் போடவில்லை. கையை மூடிக்கொண்டு மேலே பார்த்தார்.

"இனி உனக்கும் எனக்கும் ஒரு கதைபேச்சுமில்லை."

பிறகுதான் மண்ணைப் போட்டார். அன்று பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்கு முன்வரிசையில் நின்றார். பக்கத்தில் நின்றவன் நான்.

கட்டாரில் இருக்கும் றினோஸாவின் மாமனுக்குக் காட்டவென்று யாரோ அடக்கத்தைப் போனில் வீடியோ பிடித்திருந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக இப்போதெல்லாம் மையித்து அடக்குவதை அப்படித்தான் பிடிக்கிறோம். அந்தப் படம் கட்டாருக்குப் போய், அங்கே கை மாறி, சில மாதங்களில் பேஸ்புக்கில் ஊருக்கே திரும்பி வந்தது. 'அல்லாஹ்வை ஏசிய மன்னார் முர்தத்' என்று மேலே எழுதியிருந்தார்கள். முர்தத் என்றால் மார்க்கத்தை விட்டுப் போனவர்.

பள்ளிவாசல் நிர்வாகம் இன்பாஸ் நானாவைக் கூப்பிட்டது. "நீ நாலு வருசம் படிச்சனீ, வந்து கதை" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதுவும் இஸ்லாமியக் கற்கையில். வாப்பா விறகு வெட்டிப் படிப்பித்தது ஊருக்கு உதவட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

தலைவர் ஹாஜியார் கடுமையான ஆளில்லை. தேத்தண்ணி தந்தார். "மனுசனுக்கு வாய் தவறும்தான். கலிமாவைத் திரும்பச் சொல்லி மார்க்கத்துக்கு வந்து, மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்து, நிக்காஹைப் புதுசா முடிச்சால் சரி. முர்தத் ஆனால் நிக்காஹ் முறிஞ்சு போகும். அதுவரைக்கும் உன்ர பெண்சாதி ஸரீனா அவட நானா வீட்டில இருக்கட்டும்."

நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். மார்க்கத்தை விடுவது மனம் அறிந்து செய்கிற காரியம். துக்கம் மிஞ்சி வந்த சொல்லை வைத்து ஒருவரை வெளியே தள்ள முடியாது. அப்படியே போனார் என்று வைத்தாலும், மணம் முறிந்த பெண் காத்திருக்கிற இத்தாக் காலத்துக்குள் திரும்பியவரின் பழைய நிக்காஹே நிற்கும் என்று நாங்கள் பின்பற்றுகிற ஷாபிஈ மத்ஹபின் சட்டத்திலேயே இருக்கிறது.

"தம்பி, இது கெம்பஸ் இல்ல, பள்ளி" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. "உலகம் முழுக்கப் பாத்திட்டாங்கள். சும்மா இருந்தால் எங்களையும் சேர்த்தெல்லோ சொல்லுவாங்கள்?"

இன்பாஸ் நானா அப்போதுதான் வாய் திறந்தார். "ஹாஜியார், போகாதவன் எப்பிடித் திரும்பி வாறது?"

"ஒரு சொல்லுத்தானே. சொல்லிட்டுப் போவன்."

"ஸரீனாட வயித்தில பிள்ளை. மகள் மௌத்தான பிறகு தங்கின பிள்ளை. அண்டைக்கே நிக்காஹ் முறிஞ்சதெண்டு நான் ஒத்துக்கொண்டால், இந்தப் பிள்ளையை ஊர் என்னெண்டு கூப்பிடும்?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. அப்படிப் பிறந்தாலும் பிள்ளை தகப்பனுக்குரியதுதான் என்று நான் தொடங்கினேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"சட்டம் சரி தம்பி. பள்ளிக்கூடத்தில மற்றப் பிள்ளையள் சட்டம் பாத்தா பழிப்பாங்கள்?"

ஸரீனா ராத்தாவை அவருடைய நானா முபாறக் அன்றே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தூது போனேன். ராத்தா வேலியடியில் நின்று அழுதார்.

"அவர் அல்லாஹ்வை விட்டிட்டுப் போற ஆளில்லை, எனக்குத் தெரியும். ஆனா ஹறாமான சீவியமெண்டு காதில விழுந்தாப் பிறகு எப்பிடித் தம்பி போறது? ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் குடுத்திட்டன். இதையும் எடுத்தானெண்டால்? ஒருக்காச் சொல்லிட்டு வரச் சொல்லுங்கோ."

வந்து சொன்னேன். இன்பாஸ் நானா மீன்பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "அவ பிள்ளை உசிரோட கிடைக்க வேணுமெண்டு பாக்கிறா. நான் அது தலை நிமிர்ந்து நடக்க வேணுமெண்டு பாக்கிறன். ரெண்டு பேரும் ஒரே பிள்ளைக்குத்தான்" என்றார்.

ஊரில் அவரிடம் மீன் வாங்குவது நின்றுபோனது. தாழ்வுபாட்டில் கருவாடு போடுகிற லூர்தம்மா மட்டும் பகிடி விட்டார்: "உங்கட ஆக்கள் கழிச்சுப்போட்டாங்களாம் இன்பாஸ்? எங்கட கோயிலுக்கு வா, முன்னுக்குக் கதிரை போடுறன்."

"வேண்டாமக்கா. உங்கட பாதரோடையும் சண்டை வரும்."

இன்பாஸ் நானா சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

சோளகக் காற்று அடங்குகிற நாட்களில் ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளையின் காதில், தொழுகைக்கு அழைக்கிற அதே பாங்கைச் சொல்ல வேண்டும். முபாறக் தானே சொல்ல வந்தார். ஸரீனா ராத்தா பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"வாப்பா உசிரோட இருக்கிறார்" என்றாராம்.

"அவன் என்ர வாசல் மிதிக்கக் கூடாது."

"அப்ப யன்னலைத் திறவுங்கோ."

இன்பாஸ் நானா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலுக்குப் போகாமல் வீட்டைச் சுற்றி வந்து, யன்னலடியில் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றார். உள்ளே ஸரீனா ராத்தா முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டார். அந்நிய ஆணுக்கு முன் இழுக்கிற மாதிரி. பிள்ளையைத் தூக்கிக் கம்பியோடு பிடித்தார். கம்பிகளுக்கிடையில் முகத்தை வைத்து, வலது காதில் இன்பாஸ் நானா பாங்கு சொன்னார். எனக்கே கேட்காத குரல். ராத்தா பிள்ளையைத் திருப்பிப் பிடிக்க, இடது காதில், தொழுகை தொடங்குமுன் சொல்கிற இகாமத்தைச் சொன்னார்.

"முடிஞ்சுதெண்டால் போகச் சொல்லு" என்று முபாறக் உள்ளிருந்து கத்தினார்.

இன்பாஸ் நானா கம்பிக்குள் ஒரு விரலை விட்டுப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டார். அதைத் தாங்கியிருந்த ஸரீனா ராத்தாவின் கையில் பட்டுவிடாமல், பார்த்துத் தொட்டார்.